பழைய டெஸ்க்டாப்பில் எதை மாற்றலாம்? அடுத்த பெட்டிக்கும் கூட வருவது எது?

திருநெல்வேலியில் அக்கா வீட்டில் 2014-ல் அசெம்பிள் செய்த ஒரு டெஸ்க்டாப் இருக்கிறது. இன்டெல் ஐ3-4130 பிராசஸர், எச்81 போர்டு (எல்லாப் பாகமும் செருகும் மதர்போர்டு), 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். அந்தக் காலத்தில் நடுத்தர வீடுகளுக்குக் கடைக்காரர்கள் கட்டிக்கொடுத்த வழக்கமான பெட்டி. மாமா அதில் மூன்று கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதுகிறார். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பாட வீடியோ, புராஜெக்ட், பிரின்ட் எல்லாம் அதில்தான்.

2022-ல் ஒருநாள் அக்கா போனில் சொன்னாள்: “சுவிட்சைப் போட்டுட்டு அரிசி களைஞ்சு உலையில போட்டுட்டு வந்தாலும் இன்னும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு தம்பி. தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிரலாமா, இல்ல ஏதாச்சும் மாத்துனா ஓடுமா?”

அன்று ஒரு பதில் சொன்னேன். மூன்று வருடம் கழித்து விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தபோது அதே கேள்வி திரும்ப வந்தது, அப்போது வேறு பதில் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு முறையும் எனக்கு உதவியது ஒரே அளவுகோல்தான். இன்று காசு கொடுத்து வாங்கும் பாகம், நாளை இந்தப் பெட்டியை விட்டுவிட்டு வேறு பெட்டிக்குப் போனால் கூட வருமா? கூட வருவதற்குத் தயங்காமல் செலவு செய்யலாம். வராததற்கு மிகக் குறைவாகச் செலவு செய்ய வேண்டும், முடிந்தால் செய்யவே கூடாது.

எது காக்க வைக்கிறது?

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பத்து நிமிடம் ஒரு சோதனை செய்யுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். கம்ப்யூட்டர் திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதைத் திறந்து சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றும் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அக்கா வீட்டில் பார்த்தபோது சிபியு இருபது சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. டிஸ்க் நூறிலேயே நின்றது. மெமரி தொண்ணூறுக்குப் பக்கம். அதாவது பிராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து தகவல் வரட்டும் என்று காத்திருக்கிறது.

ஏன் இப்படி? ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுற்றுகிறது. தேவையான இடம், தகவலைப் படிக்கும் முள்ளுக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதற்கே சுமார் 4 மில்லிநொடி. முள் சரியான தடத்துக்கு நகர இன்னும் 8, 9 மில்லிநொடி. ஆக ஒரு சின்னக் கோப்பை எடுக்க 12, 13 மில்லிநொடி. நொடிக்கு எண்பது கோப்புதான் எடுக்க முடியும். விண்டோஸ் எழும்பும்போதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி அலைகிறது. எஸ்எஸ்டி என்பது தகவலைச் சிப்பில் சேமிக்கும் டிஸ்க், அதில் சுற்றவோ நகரவோ எதுவும் கிடையாது. அது நொடிக்குப் பல்லாயிரம் முறை எடுத்துக் கொடுக்கும். இரண்டுக்கும் இடையே இருப்பது பத்து இருபது சதவீத வித்தியாசம் இல்லை, நூறு மடங்குக் கணக்கு.

அதனால் ஹார்டு டிஸ்க்கில் ஓடும் எந்தப் பழைய டெஸ்க்டாப்புக்கும் என் முதல் பதில் எஸ்எஸ்டிதான். 2022-லும் அதைத்தான் செய்தோம், 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க் செருகும் அதே வகை கேபிளில் செருகுவது) ஒன்று. எச்81 போர்டில் நான்கு சாட்டா போர்ட் உண்டு, அதில் இரண்டு மட்டும் நொடிக்கு 6 ஜிகாபிட் வேகம், மற்ற இரண்டும் 3 ஜிகாபிட். போர்டில் பெரும்பாலும் நிறம் மாறி இருக்கும், அல்லது பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். பார்த்து வேகமானதில் செருக வேண்டும். அதில் நொடிக்கு 550 எம்பி வரை கிடைக்கும். போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வகை இந்தப் போர்டுக்கு வேண்டாம், செருக இடம் இல்லை. அப்புறம் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் செட்டிங்ஸ் திரையில்) சாட்டா மோட் ஏஎச்சிஐ என்று இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பழைய பெட்டிகள் சிலவற்றில் ஐடிஇ என்ற பழைய முறையிலேயே விட்டிருப்பார்கள்.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயம் இன்னும் நிறையப் பேருக்கு இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு 300 டெராபைட் எழுதும் வரை, அல்லது 5 வருடம், உத்தரவாதம் கொடுக்கிறார்கள். வீட்டு உபயோகத்தில் நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் வருடத்துக்கு 7.3 டெராபைட். 300-ஐத் தொட நாற்பது வருடம் ஆகும். பெயர் தெரியாத மலிவு எஸ்எஸ்டிகளுக்கு இந்தக் கணக்கைப் பொருத்தாதீர்கள். உள்ளே என்ன சிப் இருக்கிறது என்று அந்த அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதில்லை. எந்தப் பாகத்தில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், உங்கள் கணக்கும் போட்டோக்களும் இருக்கப்போகும் இதில் மட்டும் வேண்டாம்.

முக்கியமானது, இது கூட வரும் பாகம். சாட்டா எஸ்எஸ்டியை நாளை வேறு டெஸ்க்டாப்பிலோ, யுஎஸ்பி கேஸ் ஒன்றில் வைத்தோ பயன்படுத்தலாம்.

ராம்: தேவையான அளவுக்கு, அதோடு நிறுத்திவிடலாம்

அடுத்தது ராம். 4 ஜிபியில் விண்டோஸும் குரோமில் ஐந்தாறு டேபும் திறந்தாலே இடம் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் ராமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். 8 ஜிபி ஆக்கினால் வீட்டு வேலைக்கு மூச்சு வரும். எச்81-ல் ராம் போட இரண்டு இடம்தான், அதிகபட்சம் 16 ஜிபி. ஏற்கெனவே ஒரு 4 ஜிபி இருந்தால் கூட இன்னொரு 4 ஜிபி போதும். இரண்டும் ஜோடியாக ஓடுவதால், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டிக்குத் திரை வேகமும் கொஞ்சம் கூடும்.

ஆனால் டிடிஆர்3 கூட வராத பாகம். டிடிஆர்3-ல் 240 பின், டிடிஆர்4-ல் 288 பின். அடுத்த போர்டில் இது செருகக்கூடச் செருகாது. ஆகவே செகண்ட் ஹாண்டில் வாங்குவதே சரி. ராம் எளிதில் கெடாத பொருள், பழையது வாங்குவதில் ஆபத்து குறைவு. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஏஎம்டி போர்டுகளில் மட்டும் ஓடும் டிடிஆர்3 ராம்கள் சந்தையில் மலிவாகச் சுற்றுகின்றன. எங்களுக்கு ஒரு கடையில் அதைத்தான் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து போட்டால் பெட்டி எழும்பவே இல்லை. அக்கா போர்டே போய்விட்டது என்று பதறிவிட்டாள். திருப்பிக் கொண்டுபோய் மாற்றினோம். இன்டெல் போர்டில் ஓடுமா என்று கேட்டு, முடிந்தால் பெட்டியையே கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

16 ஜிபி வரை போகலாமா என்று கேட்டால், இந்தப் பெட்டிக்கு வேண்டாம். அந்தக் காசு அடுத்த பெட்டிக்கு உதவும்.

பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும்

எஸ்எஸ்டியும் 8 ஜிபியும் போட்டதும் அந்தப் பெட்டி ஆளே மாறிவிட்டது. அரை நிமிடத்துக்குள் டெஸ்க்டாப் வந்தது. அதைப் பார்த்த உற்சாகத்தில் மாமா கேட்டார்: “மாப்ளே, பிராசஸரையும் மாத்திட்டா இன்னும் பறக்கும்ல?”

மாற்ற முடியும். பிராசஸர் செருகும் எல்ஜிஏ1150 சாக்கெட்டில் ஐ3-4130-ஐ எடுத்துவிட்டு ஐ5-4570 போடலாம். இரண்டு கோருக்கு (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) பதில் நான்கு கோர் கிடைக்கும். ஐ7-4770 என்றால் நான்கு கோர், எட்டு த்ரெட், அதாவது ஒரு கோர் ஒரே நேரத்தில் இரண்டு வேலையைப் பார்க்கும். பல வேலையை ஒரே நேரத்தில் செய்பவருக்கு வித்தியாசம் தெரியும். டேலிக்கும் பிரவுசருக்கும் பெரிதாகத் தெரியாது. பழைய ஐ7 பிராசஸர்களை, போர்டை மாற்ற முடியாதவர்கள் எல்லோரும் தேடுவதால், அவற்றின் விலையும் அதன் வயதுக்கு ஏற்ற மாதிரி இறங்குவதில்லை. ஐ3-யின் வெப்ப அளவு 54 வாட், ஐ5-4570-க்கு 84 வாட். ஐ3-யோடு வந்த சின்ன ஃபேனை வைத்துக்கொண்டு நெல்லை வெயிலில் 84 வாட் பிராசஸரை ஓட்ட நான் துணிய மாட்டேன். ஃபேன், தெர்மல் பேஸ்ட், சில சமயம் பயாஸ் அப்டேட் என்று செலவு நீளும். இவ்வளவும் செய்த பிறகும் அது 2013-ன் பிராசஸர்தான். 2022-ல் வந்த சாதாரண ஐ3-12100, ஒற்றைக் கோர் வேகத்திலேயே ஐ5-4570-ஐ ஒன்றரை மடங்கு தாண்டுகிறது. மேலும் இது கூட வராத பாகம், விண்டோஸ் 11-க்கும் ஆகாது. மாமாவிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

கிராபிக்ஸ் கார்டு கேம் ஆடுபவர்களுக்கான கேள்வி. தனியாக பவர் கேபிள் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 கார்டு ஒன்று கிடைத்தால் பழைய பெட்டியிலும் ஓடும், அடுத்த பெட்டிக்கும் வரும். ஆர்எக்ஸ் 6400 மட்டும் வேண்டாம். கார்டும் போர்டும் பேசும் பாதையான பிசிஐஇ-யில் அது நான்கு லேனில் மட்டுமே ஓடுவது. எச்81 போர்டு பிசிஐஇ 2.0-வோடு நின்றுவிட்டதால் அந்தக் கார்டின் வேகம் வழியிலேயே சுருங்கிவிடும்.

பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. கேபினெட்டோடு இலவசமாக வந்த, 450 வாட் என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருக்கும் எஸ்எம்பிஎஸ் பத்து வருடம் ஓடிவிட்டது என்றால், அதை நம்பிப் புதிய கார்டோ புதிய போர்டோ போடாதீர்கள். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் அது கெடும்போது தனியாகக் கெடுவதில்லை, போர்டையும் டிஸ்க்கையும் இழுத்துக்கொண்டு போகும். சாதாரண அளவுக் கேபினெட்டில் நல்ல எஸ்எம்பிஎஸ் கூட வரும் பாகம். செலவு செய்யலாம். அப்படியே போர்டின் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். தேதியும் நேரமும் தப்பாகக் காட்டுவதால் வெப்சைட் திறக்காமல் சர்வீஸுக்கு வரும் பெட்டிகள் நிறைய.

விண்டோஸ் 10 போன பிறகு

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். அக்கா வீட்டுப் பெட்டி நான்காம் தலைமுறை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பெட்டியை இப்படி ஒரு தேதி வந்து கிழடாக்கிவிட்டதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். ஆனால் ஜிஎஸ்டியும் மற்றவர்களின் கணக்கும் இருக்கிற கம்ப்யூட்டரைப் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் இன்டர்நெட்டில் விட முடியாது.

காலம் வாங்க ஒரு வழி இருந்தது. விண்டோஸ் 10-க்கான நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் அதற்குக் காசு கிடையாது. அது முடிவை ஒத்திப்போடும், அவ்வளவுதான்.

தடையைச் சுற்றிக்கொண்டு விண்டோஸ் 11-ஐ ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். நான்காம் தலைமுறையில் அது ஓடவும் செய்யும். ஆனால் ஆதரிக்காத பெட்டிக்கு அப்டேட் உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது, வருடாந்திரப் பெரிய அப்டேட்டை ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டும். பழகியவர்கள் தங்கள் சொந்தப் பெட்டியில் செய்து பார்க்கலாம். மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் இருக்கும் மாமாவுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் நல்ல வழி. மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு, அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இந்தப் பெட்டியில் லேசாக ஓடும். தமிழ்99, பழைய டைப்ரைட்டர் முறை இரண்டிலும் தட்டச்சு செய்யலாம். பிரவுசர், லிப்ரே ஆபீஸ், வீடியோ போதும் என்பவர்களுக்கு வேறு எதுவும் வாங்க வேண்டாம். டேலி நேரடியாக ஓடாது என்பதால் மாமாவுக்கு மட்டும் இது பொருந்தவில்லை.

மிச்சம் இருந்தவை இரண்டு. இங்கேதான் நாங்கள் நிறைய யோசித்தோம்.

ஒன்று, கேபினெட்டை வைத்துக்கொண்டு போர்டு, பிராசஸர், ராம் மூன்றையும் மாற்றுவது. எச்610 போர்டில் ஐ3-12100, அல்லது ஏஎம்டி பிராசஸருக்கான ஏஎம்4 போர்டில் ரைசன் 5 5600ஜி. இரண்டும் வீட்டுக்கு இன்னும் பல வருடம் போதுமானவை. 5600ஜி-யில் ஆறு கோர், உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸும் ஐ3-யைவிட நல்லது. சின்ன கேமும் வீடியோ எடிட்டிங்கும் உண்டென்றால் அதை எடுப்பேன். ஐ3-12100எஃப் என்று எஃப் சேர்த்து விலை குறைவாக ஒன்று சொல்வார்கள். அதில் கிராபிக்ஸ் கிடையாது, தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. எச்610-ல் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ராமை வாங்கிவிட்டுப் போர்டைத் தேடாதீர்கள். இந்த வழியின் சிக்கல் பெட்டியின் மற்ற பாகங்களில் இருந்தது. பத்து வருட எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டும். பழைய விண்டோஸ் லைசென்ஸ் போர்டோடு ஒட்டியது என்றால் அதுவும் புதிதாக வேண்டும். போதாக்குறைக்கு 2025 கடைசியில் ஏஐ தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டதில் ராம் விலை எகிறிவிட்டது. மூன்று பாகம் என்று ஆரம்பித்த பட்டியல் ஐந்தில் வந்து நின்றது.

இன்னொன்று, கம்பெனிகள் குத்தகை முடிந்து திருப்பிக் கொடுத்ததைச் சரிபார்த்து மறுபடி விற்கும் ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப். எட்டாம் தலைமுறை ஐ5-8500 என்றால் ஆறு கோர், விண்டோஸ் 11-க்குத் தகுதி, லைசென்ஸ் பெரும்பாலும் போர்டிலேயே இருக்கும், ராமும் உள்ளேயே வந்துவிடும். பழைய பெட்டியில் யூடியூப் வீடியோவை பிராசஸரே முக்கி முனகி விரிக்க வேண்டியிருந்தது. இதன் கிராபிக்ஸில் யூடியூப் பயன்படுத்தும் விபி9 வகை வீடியோவுக்குத் தனி வசதி இருப்பதால் அந்தத் தொல்லையும் இல்லை. வேகத்தில் ஐ3-12100 ஒற்றைக் கோரில் முந்தும், டேலிக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டில்லை. குறை என்னவென்றால் பிராண்டட் பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் அவரவர் சொந்த அளவில் இருக்கும், கெட்டால் கடையில் கிடைக்கும் சாதாரணப் பாகத்தைப் போட முடியாது. ஆகவே மெலிந்த பெட்டியை விட்டுவிட்டு டவர் அளவில் தேடினோம். வாங்கும் இடத்திலேயே பயாஸுக்குள் போய்ப் பார்ப்பது அவசியம். பழைய கம்பெனி போட்ட பாஸ்வேர்டு அப்படியே இருந்தால் வாங்கக் கூடாது. விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா, டிபிஎம் 2.0 காட்டுகிறதா, யுஎஸ்பி போர்ட் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்து, கடையின் வாரண்டியை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கேமோ எடிட்டிங்கோ வீட்டில் இருந்திருந்தால் நான் 5600ஜி பக்கம் சாய்ந்திருப்பேன். கணக்கும் படிப்பும் மட்டும் என்பதால் ரீஃபர்பிஷ்டு டவர். அதிலும் எஸ்எஸ்டி இல்லாமல், 1 டெராபைட் ஹார்டு டிஸ்க் மட்டும் இருந்ததைக் குறைந்த விலைக்கு எடுத்தோம். எஸ்எஸ்டிதான் 2022-லிருந்தே எங்களிடம் இருக்கிறதே.

மாற்றும் முன் இரண்டு வேலை. டேலி டேட்டா ஃபோல்டரை வெளியே ஒரு டிஸ்க்கில் எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்று சோதித்தோம். பழைய பெட்டியில் டேலி லைசென்ஸை சரண்டர் செய்தோம், அதாவது அந்தப் பெட்டியிலிருந்து விடுவித்தோம். அதைச் செய்யாமல் டிஸ்க்கைத் துடைத்துவிட்டால் புதியதில் லைசென்ஸ் ஏற்றுவது இழுபறி ஆகிவிடும். பிறகு 2022-ன் எஸ்எஸ்டியை டவரில் பொருத்தி விண்டோஸ் 11-ஐப் புதிதாக ஏற்றினோம். 2014-ன் ஹார்டு டிஸ்க் யுஎஸ்பி கேஸுக்குள் போய், மாமாவின் சனிக்கிழமை பேக்கப்புக்கு ஆனது. கெட்ட செக்டார் இல்லை என்று கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

பழைய பெட்டிக்கு ஒரு சின்ன 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி மின்ட் போட்டுப் பிள்ளைகளின் மேசையில் வைத்தோம். பெரியவள் அதில் தமிழ்99 பழகிக்கொண்டிருக்கிறாள்.